கூரை மேல் போன முன்பல்

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. இரண்டு என் தங்கையுடையவை, அவள் போன பிறகு என்னிடம் வந்தவை. ஐந்து பேருக்கும் பல்வரிசை பார்க்க லட்சணமாக இருக்கும். சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வாருங்கள், வரிசையாக நிற்க வைத்துச் சிரிக்கச் சொல்கிறேன்.

நெல்லித்தோப்பில் நம் டாக்டரம்மாவின் பல் ஆஸ்பத்திரியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது போன் என்பது மேசைமேல் பூட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த ஒன்று. வேலையை விட்டு நின்ற அன்றைக்கு அது என் உள்ளங்கையில் இருந்தது. இப்போது உங்கள் கையில் இருக்கிறது. என் இடத்துக்கு வந்திருக்கிற நீங்கள் எல்லோரும் படித்த பிள்ளைகள். உங்கள் விரல் பட்டதும் அது எல்லாவற்றையும் திறந்து காட்டுகிறது. எனக்குப் படிப்பு என்றால் பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர் வரைக்கும்தான். கையெழுத்து மட்டும் ஜோராகப் போடுவேன். ஆனால் போனுக்குள் வாயைத் திறந்து காட்டுகிறவர்களிடம் பேசிப் பேசி என் தொண்டை தேய்ந்த அளவுக்கு இந்த ஊரில் வேறு யாருக்கும் தேய்ந்திருக்காது. அதனால் சொல்கிறேன், கேளுங்கள். கேட்கிற மாதிரி முகத்தையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரடங்கு வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது தொடங்கியது இந்தப் பழக்கம். ஊரடங்கு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. பல்வலி என்று சொல்லி ஜனங்கள் அனுப்பிய படங்களில் நான் என்னென்னவோ பார்த்திருக்கிறேன். ஓடுகிற மின்விசிறி, மூக்குத் துவாரம், ஒரு வீட்டுப் பூஜை அலமாரி. மூலக்குளத்திலிருந்து ஒருவர் வாயை இறுக மூடிக்கொண்டு, தலைக்கு எண்ணெய் தடவி வாரி, பாஸ்போர்ட்டுக்கு எடுப்பது போல எடுத்து அனுப்பினார்.

"சார், வாயைத் தொறந்து எடுங்க," என்றேன்.

"போட்டோவுல வாயைத் தொறந்தா நல்லாருக்காதும்மா," என்றார்.

அவரைத் திட்டவில்லை. நீங்களும் யாரையும் திட்டாதீர்கள். உங்களுக்கு அது சிரிப்பாக இருக்கும், அவருக்கு வலிக்கிறது. திட்டினால் போனை வைத்துவிடுவார், அப்புறம் அவர் பல்லுக்கு நீங்கள் எங்கே போய் வைத்தியம் பார்ப்பது?

இன்னொன்று. படம் வந்ததும் பல்லைப் பெரிது பண்ணிப் பார்க்கிறீர்களே, அதை டாக்டரம்மா எனக்கு முதல் நாளே தடுத்தார். "மொதல்ல முழு மூஞ்சையும் பாருங்க பெரியம்மா, பல்லு எங்கயும் ஓடிப்போகாது," என்பார். ஒருவர் தன் கடைவாய்ப் பல்லை மட்டும் அழகாக எடுத்து அனுப்பியிருந்தார். சின்னச் சொத்தை, திங்கட்கிழமை வரச் சொல்லலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. டாக்டரம்மா வீடியோவில் கூப்பிடச் சொன்னார். பார்த்தால் தாடைக்குக் கீழே கழுத்து வரைக்கும் வீங்கிக் கிடக்கிறது. மனிதருக்கு எச்சில் விழுங்க முடியவில்லை. "இங்க வராதீங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, சட்டை கூட மாத்தாதீங்க," என்று சொல்லிவிட்டார். பிழைத்து வந்து நன்றி சொன்னார். நம்மிடம் வராதே என்று சொல்வதும் நம் வேலையில் ஒன்று. இதை மறக்காதீர்கள்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். எனக்கு அவசரமில்லை. உங்களுக்கு இருந்தால் டீயைக் குடித்துவிட்டு வாருங்கள்.

அன்றைக்குச் சனிக்கிழமை, காலை வேளை. நாற்காலியில் ஒரு சொல்தா உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை நம் ஊரில் அப்படித்தான் சொல்வோம். புதுப் பல்செட்டுக்கு அவருக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாவைக் குழைத்து அச்சுத் தட்டில் வைத்து மேல்தாடையில் அழுத்தியாகிவிட்டது. அது இறுகுகிற வரைக்கும் டாக்டரம்மா கையை எடுக்க முடியாது, சொல்தா வாயை மூட முடியாது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. வீடியோ. எடுத்தேன். திரை முழுக்க ஒரு காது.

"அலோ, பல்லு ஆஸ்பத்திரியா? எம் பொண்ணுக்கு ரத்தம் நிக்கல."

"ஐயா, போனைக் காதுலேர்ந்து எடுத்து எதுர்ல புடிங்க. உங்க காதுல ஒரு கோளாறும் இல்ல, நல்லாத் தெரியுது."

காது போய் முகம் வந்தது. ஏழுமலை என்று பெயர், காலாப்பட்டுப் பக்கம் மீனவர் குப்பம். கடலுக்குப் போய் வந்து கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்திருக்கிறார். மகள் தர்ஷினி, மூன்றாம் வகுப்பு, படகுகளுக்கு நடுவே ஓடி, நங்கூரக் கயிறு காலில் மாட்டி, படகு விளிம்பில் முகத்தை மோதிக்கொண்டாள். முன்பல் ஒன்று போய்விட்டது. வீட்டுக்குத் தூக்கி வந்துதான் போன் பண்ணியிருக்கிறார். பெண்ணின் அம்மா மீன் விற்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள்.

போனை டாக்டரம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். சொல்தாவின் வாயிலிருந்து கையை எடுக்காமலே அவர் கேட்டார், "மயக்கம் போட்டாளா? வாந்தி எடுத்தாளா?"

"இல்லீங்க. எழுந்து, கயித்தை ஏன் இங்க போட்டேன்னு என்னையே திட்டுனா."

"நல்லது. சுத்தமான துணியை நனைச்சு அழுத்திப் புடிங்க. வாயைக் காட்டுங்க. பாப்பாவுக்கு வயசு என்ன?"

"எட்டு முடிஞ்சு ஒம்போது நடக்குது."

துணியை விலக்கிக் காட்டினார்கள். மேல் வரிசையில் நடுவில் ஒரு பள்ளம். பக்கத்திலே அதன் ஜோடிப் பல், அகலமாக, நுனியில் ரம்பம் மாதிரிச் சின்னச் சின்ன மேடோடு இருந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்ததும் அவர் குரல் மாறியது. அவர் குரல் மாறினால் என் முதுகு நிமிர்ந்துவிடும்.

"பல்லு முழுசா வந்துச்சா, ஒடஞ்சுதா? இப்ப அந்தப் பல்லு எங்க?"

ஏழுமலை பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். ஒரு பெண்குரல் வந்தது, ரொம்பத் தெம்பாக.

"அதெல்லாம் ஒண்ணும் கவலப்படாதீங்க டாக்டர். நான் அப்பவே மேல போட்டுட்டேன்."

"எங்க மேல?"

"கூரை மேலதான். வேற எங்க போடுவாங்க?"

டாக்டரம்மா கையை இன்னும் அழுத்தியிருக்க வேண்டும், சொல்தா "ங்ங்" என்றார்.

"அம்மா, அது பால்பல்லு இல்ல. ரெண்டாவதா மொளச்ச பல்லு. இது போனா இனிமே மொளைக்காது," என்றார் டாக்டரம்மா. "உடனே எடுத்து அதே குழியில வெச்சா ஒட்டிக்கிறதுக்கு வாய்ப்பு இருக்கு. வெயில்ல காயக் காய அந்த வாய்ப்பு போய்க்கிட்டே இருக்கும். சீக்கிரம் எடுங்க."

"போட்டதை எடுக்கறதா!" என்றது அந்தக் குரல். "எங்க பக்கம் அந்தப் பழக்கமே கெடையாது. எடுத்தா அந்த எடத்துல பல்லே வராது. ஏ ஏழுமல, போனை வை. ரத்தம் தானா நிக்கும்."

"அக்கா சொன்னா சரியாத்தாங்க இருக்கும்," என்றார் ஏழுமலை. "எட்டு வயசுதானே டாக்டர், மொளச்சிடும்."

டாக்டரம்மா வேர் என்றார், உயிர் அணு என்றார், ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் ஆகாது என்றார். ஒரு வார்த்தையும் தப்பில்லை. ஆனால் அந்தப் பெண்பிள்ளை போனில் முகத்தையே காட்டவில்லை, கழுத்துச் சங்கிலிதான் தெரிந்தது. இதோ வைத்துவிடப் போகிறாள். வைத்துவிட்டால் தர்ஷினி வாழ்நாள் முழுக்கப் பொய்ப்பல்லோடு சிரிக்க வேண்டும். அது பால்பல் இல்லை என்பது டாக்டரம்மா சொல்லித்தான் எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். தான் செய்ததை யாரும் தப்பு என்று சொல்லக் கூடாது என்கிற குரல். நானும் அந்த ரகம்தானே.

"டாக்டரம்மா, கொஞ்சம் இருங்க," என்று போனை என் பக்கம் திருப்பினேன். "இந்தாம்மா, உன் பேரு என்னா?"

"அஞ்சலை. அப்பன்கூடப் பொறந்த அத்தை நானு."

"அஞ்சலை, இந்தப் புள்ளையோட பல்லையெல்லாம் நீதான் மேல போடுவியா?"

"பின்ன? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது வேற யாரு போடுவா? இந்தத் தெருவுல முக்காவாசிப் பல்லு நான் போட்டது."

"கைராசிக்காரிதான். சரி, இந்த எடத்துப் பல்லு, இதே முன்பல்லு, இதுக்கு முன்னாடி ஒரு வாட்டி உழுந்துச்சா? யோசிச்சுச் சொல்லு."

"உழுந்துச்சே. போன வருஷம் மாசி மகத்துக்கு. சாமியெல்லாம் கடலுக்கு வந்திருந்துச்சு. ஆடுதுன்னு சொன்னா, நான்தான் நூலைக் கட்டி இழுத்தேன்."

"மேல போட்டியா?"

"போட்டேன்."

"கூரை எடுத்துக்குச்சா?"

"எடுத்துக்கிச்சு."

"புதுசு குடுத்துச்சா?"

"குடுத்துச்சே. நல்லா பெருசா, மொறம் மாதிரி."

"அப்போ இன்னைக்கு நீ மேல போட்டது எதும்மா?"

கழுத்துச் சங்கிலி திரைக்குக் கொஞ்சம் கிட்டே வந்தது.

"அது குடுத்ததையே அதுகிட்டத் திருப்பிக் குடுத்துட்டியேம்மா. ஒரு எடத்துக்கு ரெண்டு வாட்டி எந்தக் கூரை குடுக்கும்?"

"ஐயய்யோ," என்றாள் அஞ்சலை. முதல் முறையாக முகம் திரைக்கு வந்தது, மூக்குத்தி, வெற்றிலைச் சிவப்பு, பயம் எல்லாமாக. "ஏழுமல! நவுருடா!"

கூரை என்று சொன்னாலும் அது கூரை இல்லை. சுனாமிக்கு அப்புறம் கட்டிக்கொடுத்த தளம் போட்ட வீடு. வழக்கத்துக்கு அதுவும் கூரைதான். ஏழுமலை போனோடு படியேறிப் போய்க் காட்டினார். மாடி முழுக்க வலை விரித்து நெத்திலி காயப் போட்டிருந்தார்கள். ஒன்றா இரண்டா? வெள்ளை வெளேரென்று, ஒவ்வொன்றும் ஒரு பல் மாதிரியே மின்னிக்கொண்டு கிடந்தது. அதற்குள் விஷயம் பரவி அக்கம்பக்கத்துப் பெண்கள் படியேறி வந்தார்கள்.

"தொடப்பத்தைக் கொண்டாங்கடி, ஒரே வாரா வாரிடலாம்!"

"யாரும் தொடப்பத்தைத் தொடக் கூடாது!" என்று கத்தினேன். "எல்லாரும் கீழ எறங்குங்க. மிதிச்சு நொறுக்கிடுவீங்க. ஏழுமலை மட்டும் நில்லுங்க. அஞ்சலை எங்க?"

அஞ்சலை மேலே வரவில்லை. கீழே வாசலில், பல்லைப் போட்டபோது எங்கே நின்றாளோ அங்கேயே போய் நின்றுகொண்டாளாம். அவள் குரல் கீழேயிருந்து வந்தது. "நான் எப்பவும் முதுகைக் காட்டி நின்னுதான் போடுவேன். எங்கை ஒரே மாதிரிதான் போடும். இப்ப ஒரு கிளிஞ்சலைப் போடறேன், எங்க உழுதுன்னு பாருடா!"

டக்கென்று ஒரு சத்தம். கிளிஞ்சல் தண்ணீர்த் தொட்டியின் அடியில் பட்டுத் தெறித்து நெத்திலி ஓரம் நின்றது. ஏழுமலை குனிந்தார். போன் ஆகாயத்தைக் காட்டியது, அப்புறம் அவர் முழங்காலைக் காட்டியது. நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். சொல்தாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"இருக்குது! இங்கதான் இருக்குது!"

"வேர்ப்பக்கம் தொடாதீங்க," என்றார் டாக்டரம்மா. "சிரிச்சா வெளிய தெரியுமே, அந்தப் பக்கமாப் புடிச்சுத் தூக்குங்க."

கீழே வந்ததும் அஞ்சலை கையை நீட்டினாள். "குடு, தூசி ஒட்டியிருக்கு. முந்தானையால நல்லா அழுத்தித் தொடச்சி..."

"தொடைக்காத!" டாக்டரம்மாவும் நானும் ஒரே நேரத்தில். சொல்தா "ங்ங்ங்!" என்றார், அதுவும் தொடைக்காதேதான்.

"பாலு இருக்கா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"டீக்குக் காச்சி வெச்சது இருக்கு, ஆறிப்போச்சு."

"அதுல லேசா அலசுங்க. தேய்க்க வேணாம். அப்படியே குழிக்குள்ள வெச்சு மெதுவா அழுத்தணும். பக்கத்துப் பல்லைப் பாத்து, முன்பக்கம் முன்பக்கமா இருக்கட்டும். முடியலன்னா பாலுலயே போட்டு எடுத்துக்கிட்டு வாங்க. ஆனா வெச்சிட்டு வந்தா அதைவிட நல்லது எதுவும் இல்ல."

சனிக்கிழமை கடற்கரைச் சாலையில் சென்னைக் கார்கள் எப்படி ஊர்ந்து வரும் என்று உங்களுக்குத் தெரியும். அது டாக்டரம்மாவுக்கும் தெரியும், அதனால்தான் அப்படிச் சொன்னார். ஏழுமலை பல்லை வாங்கினார். கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை. மகள் வாய்வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

"எந்த மீன் வாய்க்குள்ள வேணா கை வுடுவேங்க. இது எம் புள்ள வாயி."

"அஞ்சலை, நீ வெக்கறியா?" என்றேன்.

"ஆத்தாடி, என்னால ஆகாது. எனக்குப் புடுங்கத்தான் தெரியும்," என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இவ்வளவு நேரம் அந்தப் பெண் தர்ஷினி துணியைக் கடித்துக்கொண்டு எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தாள். இப்போது துணியை எடுத்தாள்.

"குடுப்பா. நானே வெக்கறேன். போனைக் கிட்டக் காட்டு."

போனை ஏன் கேட்கிறாள் என்று எனக்கு முதலில் புரியவில்லை. வீடியோவில் பேசும்போது நம் முகமும் மூலையில் சின்னதாகத் தெரியுமே, அதை அவள் கண்ணாடியாக வைத்துக்கொண்டாள். எங்களைப் பார்க்கவே இல்லை. தன் வாயைப் பார்த்து, பல்லைத் திருப்பி, இன்னொரு முறை திருப்பி, குழியில் வைத்தாள்.

"அப்படித்தான் கண்ணு," என்றார் டாக்டரம்மா. "இப்ப கொஞ்சம் அழுத்து. வலிக்கும். வலிச்சாலும் நிறுத்தாத."

கண்ணில் தண்ணீர் கொட்டியது. வாயிலிருந்து சத்தம் வரவில்லை, அஞ்சலைதான் பின்னால் நின்று அவளுக்கும் சேர்த்து அழுதாள். கடைசியில் அந்தப் பெண் விரலை எடுத்து, திரையில் பல்லைக் காட்டினாள். ஜோடிக்கு ஜோடி நின்றது.

"துணியை மடிச்சுக் கடிச்சுக்கிட்டு வண்டியில ஏறுங்க. வழியில யாரும் பேசக் கூடாது, அத்தையும்தான்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

அப்போதுதான் எங்களுக்குச் சொல்தா ஞாபகம் வந்தது. அவர் வாயில் மாவு எப்போதோ இறுகிக் கருங்கல்லாகிவிட்டிருந்தது. டாக்டரம்மா ஆட்டி ஆட்டி எடுத்தார். வாயில் ஒட்டியதைக்கூடத் துப்பாமல் அவர் கேட்ட முதல் கேள்வி, "என்னா மதாம், வெச்சாளா?"

"நீங்களும்தானே பாத்தீங்க?"

"எனக்கு எங்க தெரிஞ்சுது? நான் பாத்ததெல்லாம் உங்க ஆஸ்பத்திரி ஃபேன்தான்."

அவர் வீட்டுக்குப் போகவில்லை. நாற்காலியைக் காலி செய்துவிட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அவர்கள் வந்தபோது எழுந்து கதவைத் திறந்துவிட்டவர் அவர்தான். டாக்டரம்மா எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, மெல்லிய கம்பியால் அந்தப் பல்லைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டினார், தடுப்பூசிக்கு எழுதிக் கொடுத்தார். ஒட்டிவிடும் என்று சத்தியம் செய்யவில்லை. "ஒட்டலாம், ஒட்டாமலும் போகலாம். கூப்பிடற அன்னிக்கெல்லாம் வரணும்," என்றார். அஞ்சலை அதைக் கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் விடவில்லை.

சொன்ன அன்றைக்கெல்லாம் வந்தார்கள். கம்பியை எடுத்த அன்றைக்குப் பல் அசையவில்லை. பிறகு ஒரு நாள் டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வேர் வளர்கிறது என்றார். பெண் சிரித்தாள். அஞ்சலை எனக்கு ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கொண்டுவந்திருந்தாள். அது எந்த மாடியில் காய்ந்தது என்று நான் கேட்கவில்லை. வறுத்துச் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து அந்தக் குப்பத்தில் எந்தக் குழந்தைக்குப் பல் விழுந்தாலும் அஞ்சலை அதை உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்து, குழந்தையின் வாயையும் எடுத்து, நம் போனுக்கு அனுப்புகிறாள். கூடவே குரலும் வரும்: "பெரியம்மா, இதைப் போடலாமா?" நான் வேலையில் இருந்தவரைக்கும் டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டு, "போடு தாயி," என்று சொல்வேன். அதற்கப்புறம்தான் அவள் முதுகைத் திருப்பி நிற்பாள்.

போன வாரம் நான் ஆஸ்பத்திரிப் பக்கம் வந்தபோது உங்களில் ஒருத்தி சொன்னாள், "பெரியம்மா, அந்த அத்தை தொல்லை தாங்கல. வாரத்துக்கு ஒரு பல்லு அனுப்புது. சத்தம் வராத மாதிரி பண்ணி வெச்சிட்டோம்." எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன், சிரிப்பு வராமல் இருக்குமா? ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இவ்வளவு பேச்சு.

அந்தச் சத்தத்தைத் திறந்து வையுங்கள். வருகிறதெல்லாம் பால்பல்லாகத்தான் இருக்கும். போடு, போடு, போடு என்றே சொல்லிக்கொண்டிருப்பீர்கள். சலிப்பாகத்தான் இருக்கும். ஒரு நாள் ஒரு பல் வரும், அதைப் பார்த்ததும் டாக்டரம்மா குரல் மாறும். அன்றைக்கு உங்கள் பதிலுக்காக அஞ்சலை வாசலில் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருப்பாள். எவ்வளவு நேரம்தான் நிற்பாள்? பதில் வராவிட்டால் திரும்பி நின்று வீசிவிடுவாள். அவள் கை எவ்வளவு வேகம் என்று எனக்குத் தெரியும்.

அவ்வளவுதான். போதும் புள்ள, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை மொதல்லேர்ந்து படி, கேக்கறேன். அஞ்சலை பேசற எடத்துல மட்டும் கொஞ்சம் சத்தமாப் படி, அவ மெதுவாப் பேசி நான் கேட்டதே இல்ல.